எஸ்தர் ஓட்டும் கண்ணாடி வண்டி

பம்பாய்க்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு சின்ன வார்த்தை. இந்த ஊரில் ரயிலும் காடி, மோட்டாரும் காடி, மனிதன் இழுத்துக்கொண்டு போகிற கைவண்டியும் காடிதான். நம் பக்கத்தில் காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர். மாட்டுங்கா ஸ்டேஷனில் ஒருவர் ஓடிவந்து, ரயில் போய்விட்டதா என்ற அர்த்தத்தில், "காடி சலி கயி க்யா?" என்று என்னைக் கேட்டபோது, இந்த மனிதர் காலைப்பொழுதில் கஞ்சித் தண்ணீரைத் தேடி இத்தனை அவசரமாக ஏன் ஓடுகிறார் என்று நின்று யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது: இங்கே காடி இல்லாமல் எவருக்கும் பிழைப்பு இல்லை. வேலை ஓர் இடத்தில், வீடு ஓர் இடத்தில், சரக்கு மூன்றாவது இடத்தில். மூன்றையும் ஏதாவது ஒரு சக்கரம் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து தினமும் கோட்டைப் பக்கம் ஆபீஸ் போகிறவர்கள் ஆயுளில் பாதியை ரயிலில் நின்றுகொண்டே கழிக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவரும் அழுது நான் பார்த்ததில்லை.

என் தொழில் ஜன்னல் கண்ணாடி. சாத்தான்குளத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், வேதக் கோயிலுக்கும் மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் தவிர வேறு எந்தக் கட்டடத்துக்கும் கண்ணாடி ஜன்னல் கிடையாது. கோயில் ஜன்னலைப் பழுதுபார்க்க வந்தவரோடு ஒட்டிக்கொண்டுதான் வைர முனையால் கண்ணாடியைக் கீறவும், மக்குப் பசை வைத்துச் சட்டத்தில் பதிக்கவும் படித்தேன். ஓர் ஊருக்கு ஒரு கோயில்தானே? வருஷம் முழுக்க எவன் ஜன்னலை உடைப்பான்? பம்பாயிலோ செம்பூர்ப் பக்கம் வயலையும் சதுப்பையும் மண்ணடித்து மேடாக்கி வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஜன்னல்! கட்டிமுடியாத அந்தச் சுவர்களில் சதுரச் சதுரமான ஓட்டைகளைப் பார்க்கும்போது, இந்த ஊர் எனக்காகவே வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கஷ்டம் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்தது. தாராவியில் எங்கள் குடிசையை ஒட்டிய கொட்டகையில் அளவுக்கு வெட்டி, வைக்கோலும் சாக்கும் சுற்றி, கைவண்டியில் நிறுத்திக் கட்டுவோம். கண்ணாடியைப் படுக்கவைத்தால் ஒரு குலுக்கலில் போய்விடும். நிற்கவைத்தால் ஓரளவு தாங்கும். அப்படியும் சயான் தாண்டி டிராம்பே ரோட்டில் ஏறுவதற்குள், பள்ளத்துக்கு ஒன்றாகப் பலி கேட்கும். மழைக்காலத்தில் வைக்கோல் நனைந்து கனத்துவிடும், வண்டி இழுப்பவர்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள். வேலை கொடுத்துக்கொண்டிருந்த சிந்திக்காரக் காண்டிராக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் கண்டிப்பு. "தேவசகாயம், உன் கை நன்றாக இருக்கிறது. உன் வண்டிதான் நன்றாக இல்லை. மழை முடிந்ததும் இரண்டு கட்டடம் தயாராகும். சொந்தமாக மோட்டார் வைத்துக்கொள். இல்லாவிட்டால் குர்லாவில் ஒருவன் வைத்திருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடுவேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த இரண்டு கட்டடம் கைவிட்டுப் போனால் எனக்குத் தாராவியில் வேலை இல்லை. ஊரிலும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு இடது கண் தெரியாது. மாட்டுங்காவில் ஒரு மாடிக் கூரைக் கண்ணாடியை மாற்றும்போது சிதறிய ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கண்ணாடி வெட்ட ஒரு கண் போதும். மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் கேட்டால் இரண்டையும் காட்டச் சொல்வார்கள். அதனால் வண்டி வாங்குவது நான், ஓட்டுவது என் மச்சினன் செல்வராஜ் என்று ஏற்பாடு. என் மனைவி எஸ்தரின் தம்பி அவன். குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே லாரி ஓட்டப் பழகியிருந்தான்.

வண்டி தேடக் குர்லாவுக்குப் போன நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பஸ் வரும். மிஷன் டாக்டரின் கார் வந்தால், என்ன வியாதி யாருக்கு என்று கேட்பதற்கு முன் காரைத் தொட்டுப் பார்ப்பார்கள். குர்லாவிலோ மோட்டார்களைச் சந்தையில் கத்தரிக்காய் குவித்த மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் கழித்துப் போட்டவை, கம்பெனி விற்றவை, மூன்று வண்டியை உடைத்து ஒன்றாக்கியவை. விற்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். செல்வராஜ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணால் சைகை காட்டுவான், நாங்கள் அடுத்த கொட்டகைக்குப் போவோம். எங்கள் கைக்கு எட்டியவை ஓடவில்லை. ஓடியவை எங்கள் கைக்கு எட்டவில்லை.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்த ஒருவர்தான், பார்சி காலனியில் ஒரு அம்மாள் சின்ன வண்டி ஒன்றை விற்கப்போகிறாள் என்று சொன்னார். பேரின்பாயி என்று பெயர். எங்கள் கீர்த்தனைகளில் வருகிற பேரின்பம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டதால் எனக்கு அந்தப் பெயர் மறக்கவே இல்லை. ரயில் பாதையை ஒட்டிய நிலத்தில் பூச்செடித் தோட்டம் வைத்து, கல்யாண வீடுகளுக்கும் பங்களாக்களுக்கும் தொட்டிகளைத் தானே ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவந்தவள். அந்த நிலத்தில் கட்டடம் வருகிறது என்பதால் தோட்டத்தை மூடிக்கொண்டிருந்தாள். நானும் எஸ்தரும் செல்வராஜும் போய் நின்றோம். ஐம்பது வயதிருக்கும். கத்தரித்த தலைமுடி, முழங்கால்வரை கவுன், கையெல்லாம் மண். என்னை ஏற இறங்கப் பார்த்து, "தும்ஹாரா தந்தா க்யா?" என்றாள். தந்தா என் காதில் 'தண்டா' என்று விழ, வெயிலில் வந்தவர்களுக்குக் குளிர்ச்சியாகக் குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறாள் என எண்ணி, "நக்கோ பாயி, அபி பியா" என்று கும்பிட்டேன். அவள் திகைத்துப் போனாள். என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டால், வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்கிறானே! செல்வராஜ் விளக்கியபிறகு அவள் சிரித்த சிரிப்பில், வாசலில் தொங்கிய கூண்டுக்குள் ஒரு கிளி படபடத்தது.

வண்டி முன்பாதி கார், பின்பாதி லாரி. ஏதோ ஒரு சின்ன இங்கிலீஷ் காரின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, தேக்குப் பலகையில் தட்டு அடித்திருந்தார்கள். பேரின்பாயி விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனால் குர்லாவில் ஒருவரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். வண்டியைச் சுற்றி நடந்து, அதன் குறைகளை அவளே சொன்னாள். இறக்கத்தில் இரண்டாவது கியர் தானாக நழுவும், கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடதுபக்கக் கதவு வளைவில் திறந்துகொள்ளும், கயிறு போட்டுக் கட்டு. மழை துடைக்கும் கம்பி வேலை செய்யாது, உள்ளேயிருந்து கையால் ஆட்டு. காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும், சுற்றும்போது கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொள், இல்லாவிட்டால் உடைத்துவிடும். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த தாய் வாத்தியாரிடம் சொல்வதுபோல் சொன்னாள். விற்கிற பொருளின் குற்றத்தை வாங்க வந்தவனிடம் சொல்லுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதைத் தட்டில் நிறுத்திக் கட்டி, பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். பேரின்பாயியே ஓட்டினாள், எஸ்தர் முன்னால் உட்கார்ந்தாள். ரயில்வே பட்டறைப் பக்கத்துக் கரடுமுரடான சாலையில் சயான் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் என் நெஞ்சு விரிசல் விட்டது, கண்ணாடி விடவில்லை. வண்டி எங்களுடையதாயிற்று. சேர்த்து வைத்ததெல்லாம் அதிலே போயிற்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த செல்வராஜ் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான், டிராம்பே ரிபைனரியில எனக்கு வேல கெடச்சிட்டு. திங்கக்கெழம ஜாயின் பண்ணணும்."

"வண்டிய யாருல ஓட்டுவா?"

"பென்ஷன் உள்ள வேல அத்தான். விட்டா திரும்பக் கெடைக்காது."

நானாக இருந்தாலும் போயிருப்பேன். சம்பளத்துக்கு டிரைவர் வைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. வண்டி எங்கள் சந்து முனையில் நின்றது. கோழிகள் அதன் தட்டில் ஏறிப் படுத்தன. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் அதில் வற்றல் காயப்போட்டுவிட்டு, "நல்ல வெயிலு விழுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை குறைந்து வானம் வெளுக்க வெளுக்க, காண்டிராக்டர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கின விலைக்கே விற்றுவிடலாமென்று ஒரு சாயங்காலம் எஸ்தரிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"விக்காண்டாம். நான் ஓட்டுதேன்."

"என்னளா சொல்லுத? ஒனக்குச் சைக்கிளே தெரியாது."

"சைக்கிளுன்னா சாயும். இது நாலு கால்ல நிக்கில்லா?" என்றாள். பிறகு, "அந்தப் பார்சியம்மா என்னய விட ஒசரமா? என்னய விடப் பெலமா? எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, ஒங்களுக்குக் கண்ணாடி தெரியும். இன்னும் என்ன வேணும்?"

"கோயில்ல நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"அவிய வந்து கண்ணாடியச் சொமந்து தருவாவளா, கேளுங்க."

மறுநாள் நான் கொட்டகையில் இருந்தபோது அவள் தனியாகப் பார்சி காலனிக்குப் போய்விட்டாள். தாராவிக்கு வந்து ஐந்தாறு வருஷமாகியும் கோயில், கடை, குழாயடி தவிர எங்கும் தனியாகப் போகாதவள். அவளுக்குத் தெரிந்த இந்திமொழி காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவு. அதை வைத்துக்கொண்டு அங்கே என்ன பேசினாளோ தெரியாது. திரும்பி வந்தவள், "காலையில வண்டியத் தள்ளியாவது மாட்டுங்காவுக்குக் கொண்டு வரணுமாம். அஞ்சு தோட்டத்துப் பக்கத்துல ரவுண்டா ரோடு இருக்கில்லா, அங்க வச்சுச் சொல்லித் தருதாளாம்" என்றாள்.

அப்படித்தான் பார்சி காலனியில் ஐந்து தோட்டம் என்கிற பூங்காவைச் சுற்றிய சாலையில் எஸ்தர் வண்டி பழகினாள். காலையில் செல்வராஜ் வேலைக்குப் போகும் முன் வண்டியைக் கொண்டுபோய் விடுவான். நான் ஒரு மரத்தடிப் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்தர் ஏறுவாள். பேரின்பாயி குஜராத்தியில் கத்துவாள். எஸ்தர் நம் ஊர்த் தமிழில் பதில் கத்துவாள். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. ஆனாலும் கியர் விழுந்தது. வண்டி முதலில் தவளைபோல் குதித்தது, பிறகு நொண்டியது, பிறகு ஒரு நாள் குளத்தில் வாத்து போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. காலை நடை வந்த பெரியவர்கள் கைத்தடியை ஊன்றி நின்று பார்த்தார்கள். எல்லாரும் பார்சிக்காரர்களும் மாட்டுங்கா ஐயர் வீட்டுக்காரர்களும்தான். ஒருவராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தேன். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, அந்த அம்மாளை எனக்குத் தெரியுமா என்று தமிழில் விசாரித்தார். என் மனைவி என்றேன். "வளைவுல இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். இந்த ஊரை நான் மனதார வணங்கியது அந்த நிமிஷத்தில்தான். செய்கிற வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செய்கிற ஆள் யார் என்பது அவர்களுக்கு அப்புறம்.

பரீட்சை நாளில் லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு குறுகின சந்தைக் காட்டிப் பின்னால் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். எஸ்தர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, உதட்டுக்குள் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைச் சந்துக்குள் செலுத்திவிட்டாள். அவர் "சாங்லா, சாங்லா" என்று மராட்டியில் மெச்சி, லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

முதல் பாரம் செம்பூருக்கு. இரண்டு கட்டடத்தில் முதலாவதன் கீழ்மாடிக் கண்ணாடி முழுவதும் ஏற்றியிருந்தோம். நான் தட்டில் கண்ணாடிகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கைகளால் அணைத்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் மாட்டு வண்டி வேகத்தில்தான் போனாள். சயான் சர்க்கிளில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். ஒரு புடவைக்காரி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். ஜன்னலருகே குனிந்து மராட்டியில் கேட்டார்: "பாயி, டிரைவர் குட்டே?"

முன்னாலிருந்து எஸ்தரின் குரல் கிளம்பியது. "குத்தா? கோன் குத்தா? குத்தா நஹி! மை டிரைவர்!"

போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். நான் தட்டிலிருந்தே, "ஏட்டி, நாயின்னு சொல்லல! டிரைவரு எங்கன்னு கேக்காரு!" என்று கத்தினேன். அவருக்கும் கைச்சைகையில் விளக்கினேன். பின்னால் டபுள் டெக்கர் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் அந்த மனிதர் தொப்பி நழுவச் சிரித்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், படத்தையும் முகத்தையும் பார்த்தார். பிறகு நாற்சந்தியின் நான்கு பக்கத்தையும் கையால் நிறுத்திவிட்டு, எங்கள் வண்டியை மட்டும் போகவிட்டார். எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

செம்பூரில் சாக்கைப் பிரித்தபோது ஒரே ஒரு கண்ணாடியின் மூலை தெறித்திருந்தது. காண்டிராக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். எஸ்தருக்குத் திருப்தி இல்லை. "எந்தப் பள்ளத்துல போச்சு? அந்தச் சாராயக் கட முன்னால உள்ளதா?" என்று என்னைக் குடைந்துகொண்டிருந்தாள். அடுத்த முறை அந்தப் பள்ளத்தை அவள் சுற்றிக்கொண்டு போனதைத் தட்டில் நின்றபடியே உணர்ந்தேன். இரண்டு கட்டடமும் எங்களுக்கே கிடைத்தன. அதன்பின் வேறு கட்டடங்களும்.

கோயிலில் பேச்சு எழாமல் இல்லை. ஒரு மூப்பர் என்னைத் தனியே அழைத்து, மனைவியைத் தெருவில் விடுகிறாயே என்று வருத்தப்பட்டார். அவர் மருமகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று சாலையெல்லாம் முழங்காலளவு மழைத்தண்ணீர், டாக்ஸி எதுவும் தாராவிக்குள் வரமாட்டேன் என்றது. எஸ்தர் தட்டில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாய் பிடிக்கச் சொல்லி, ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் மழைக்கம்பியுமாக அந்தப் பெண்ணைச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கண்ணாடி ஏற்றிப் பழகின கை, அந்தப் பெண்ணுக்கு ஒரு குலுக்கல் தெரியவில்லையாம். மூப்பர் அதற்குப் பிறகு ஒன்றும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் பவனிக்கு ஹார்மோனியத்தை ஏற்ற வண்டி கேட்டு அவரே வருகிறார். இந்தச் சந்துகளில் இப்போது என்னைத் தேவசகாயம் என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. எஸ்தர்பாயியின் புருஷன் என்றால் வழி காட்டுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் சித்தப்பாவும் மற்றவர்களும் சாப்பாட்டுக்குப்பின் பாயில் உட்கார்ந்து, பம்பாயில் வண்டி வாங்கியிருக்கிறாயாமே, டிரைவருக்குச் சம்பளம் என்ன என்று விசாரித்தார்கள். எஸ்தர்தான் ஓட்டுகிறாள் என்றேன். சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பம்பாய்க்குப் போயும் இவன் கேலி போகலடே!" எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. சமையலறை வாசலில் எஸ்தர் அவள் அம்மாவோடு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சாட்சிக்கு அவளைக் கூப்பிட்டேன். அவள் கையில் மாவோடு எட்டிப் பார்த்து, "இவிய சும்மா சொல்லுதாவ மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நம்பினா மட்டும் என்ன செய்யப் போறாவ? எங்கம்மா ராத்திரி ஒறங்கமாட்டா" என்றாள்.

திரும்பும் அன்று திருநெல்வேலிப் பஸ்ஸில் பெண்கள் பக்கம், டிரைவருக்கு நேர்பின்னால் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் இரண்டு வரிசை தள்ளி நின்றேன். அவள் அம்மா பஸ்ஸோடு கொஞ்ச தூரம் நடந்துவந்து நின்றுவிட்டாள். எஸ்தர் ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பி, பின்னால் போய்க்கொண்டிருந்த பனைகளையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததை முந்தானையால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. பஸ் குளத்தங்கரை வளைவில் திரும்பியது. டிரைவர் கியரைக் குறைக்காமலேயே திருப்பினார், வண்டி உறுமியது. அழுதுகொண்டிருந்த எஸ்தரின் இடது கால், அவளைக் கேட்காமலே, கிளட்சைத் தேடித் தரைப்பலகையை ஓங்கி மிதித்தது.

பக்கத்தில் இருந்தவள், "என்ன மதினி, காலு மரத்துப் போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லி எஸ்தர் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி ஊரைப் பார்த்தாள். அடுத்த வளைவு வந்தது. புடவைக் கரை மெல்ல அசைந்தது.